பற்றுவரவேட்டில் ஒரு பாட்டன்

1

அமெரிக்காவில் வம்சம் தேடுவது பொழுதுபோக்காகத் தொடங்கி ஏறக்குறைய ஒரு வழிபாடாகவே ஆகிவிட்டிருக்கிறது. 1620ல் மேஃபிளவர் கப்பலில் போன 102 பிரயாணிகளில் ஒருவராவது தம் மூதாதை என்று தஸ்தாவேஜு காட்ட முடிந்தவர்களுக்கென்றே 1897ல் ஒரு சங்கம் ஏற்பட்டது. இன்றும் அது இருக்கிறது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1845ல், பாஸ்டனில் வம்ச ஆராய்ச்சிக்கென்று ஒரு ஸ்தாபனம் தோன்றிவிட்டது. தேடுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. பிளிமத் குடியேற்றத்தின் கவர்னராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்ட் தன் கைப்பட ஒரு சரித்திரம் எழுதிவைத்தார். கப்பலில் யார் யார் வந்தார்கள், முப்பது வருஷத்துக்குப் பிறகு எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் மிச்சம், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஒரு பட்டியலும் அதோடு இருக்கிறது. பிறகு நிலப் பத்திரம், உயில், சர்ச் பதிவேடு. போனவன் நிலம் பிடிக்கப் போனான். நிலம் பிடித்தவனுக்குக் காகிதம் சேர்ந்தது. காகிதம் பேரனுக்கு வம்சமாயிற்று.

அதே அமெரிக்காவில் இன்னொரு தேடலும் உண்டு. 1850, 1860 ஜனக் கணக்குகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை போட்டார்கள். எஜமானின் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் - இவ்வளவுதான். மிகச் சில இடங்களைத் தவிர அடிமையின் பெயர் கிடையாது. 1870 கணக்கில்தான் கறுப்பு மக்கள் எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். கறுப்பின வம்ச ஆராய்ச்சியாளர்கள் அந்த வருஷத்தை ஒரு சுவர் என்கிறார்கள். அதற்கு அப்பால் போக வேண்டுமானால் எஜமானின் சொத்துப் பட்டியலுக்குள்தான் நுழைய வேண்டும். 1976ல் அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' வந்தபோது ஏற்பட்ட பரபரப்புக்குக் காரணம் அதன் இலக்கியத் தகுதி அல்ல. அதன் ஆதாரங்களைப் பற்றிப் பின்னால் எத்தனையோ சர்ச்சைகள் எழுந்தன. இருந்தும், சுவருக்கு அப்பால் ஒரு பெயர் இருக்கிறது என்று அது சொன்னதே போதுமானதாக இருந்தது.

தாமிரபரணிப் பக்கத்திலிருந்து கடல் கடந்து போனவர்களின் வம்சத்தைத் தேடப் புகுகிறவன் இந்த இரண்டு அமெரிக்காக்களில் எதன் முறையைக் கைக்கொள்வது? இன்று நம்மிடையே பலர் முதலாவதைத் தேர்ந்துகொள்கிறார்கள். இலங்கை மலைநாட்டுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் போனவர்களை 'முன்னோடிகள்' என்று கொண்டாடும் விழா மலர்களைப் பார்க்கிறோம். கொண்டாட்டத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தச் சொல்லில்தான் சந்தேகம்.

ஆங்கிலத்தில் பயனியர் என்பது முதலில் ராணுவச் சொல். படைக்கு முன்னால் மண்வெட்டியோடு நடந்து வழி செய்து கொடுக்கும் காலாள். நம் ஆபீஸ்களில் மணியடித்துக் கூப்பிடும் 'பியூன்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். இலங்கையில் மலைச்சாலைகள் போடுவதற்குச் சர்க்கார் வைத்திருந்த கூலிப்படைக்குப் பெயரே பயனியர் படை. அதில் பெரும்பாலோர் தென்னிந்தியத் தமிழர்கள். ஆனால் இலங்கைத் தோட்ட வரலாற்றில் அந்தப் பட்டம் துரைமார்களுக்குப் போய்விட்டது. காடு திருத்தியதாகச் சொல்லிக்கொண்டவர்கள் பயனியர்கள், திருத்தியவர்கள் கூலிகள். இப்போது அந்தப் பட்டத்தைத் திரும்ப வாங்கி நம் பாட்டனுக்குச் சூட்டுவதால் அவன் யார் என்பது தெரிந்துவிடாது.

2

யாருக்கு வம்சாவளி எழுதப்படுகிறது என்பது பழைய கேள்வி. நம் ஜில்லாவில் அதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. கும்பினி காலத்தில் காலின் மெக்கன்சி திரட்டிய ஏடுகளில் பாளையக்காரர்களின் வம்சாவளிகள் ஏராளம். சந்திர குலத்திலோ சூரிய குலத்திலோ தொடங்கி, எந்த நாயக்கர் எந்த வருஷம் பாளையம் கொடுத்தார் என்பதில் வந்து முடியும். அவற்றை எழுத வைத்தது பூர்வீகப் பற்று அல்ல. பாளையம் யாருக்கு என்ற வழக்கு. எட்டயபுரத்தார் 1879ல் 'வம்சமணி தீபிகை' என்று ஒரு முழுப் புத்தகமே அச்சிட்டார்கள். அதைத் திருத்தி நல்ல தமிழில் எழுதித் தருவதாக 1919ல் பாரதி ஜமீன்தாருக்குக் கடிதம் எழுதினார். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாடிய அதே மனிதர்தான். பாடலுக்கு ஆனவர்களுக்கு வம்சாவளி இல்லை, வம்சாவளி உள்ளவர்களுக்குப் பாட்டு தேவைப்படவில்லை என்பதைத் தவிர இதில் பாரதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தாமிரபரணி வற்றாத நதி. பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே வரை அணைக்கட்டும் கால்வாயுமாக இருபோக நஞ்சை. நிலம் கோயிலுக்கும் மடத்துக்கும் அக்ரகாரத்துக்கும் வேளாளருக்கும். சேற்றில் நின்றவன் அந்த நிலத்தின் கணக்கில் ஆளாக வந்தானே ஒழிய, பேராக வரவில்லை. 1843ல் அடிமை முறை சட்டத்தில் ஒழிந்தது. பண்ணையாள் முறை ஒழியவில்லை. சர்க்காரின் நிலவரிப் பதிவேட்டில் பட்டாதாருக்குத்தான் இடம். ஆற்றுக்கு வடக்கே கரிசலிலும் தெற்கே தேரிக்காட்டிலும் இருந்த ஏழைகளுக்கு நிலமும் இல்லை, நம்ப நீரும் இல்லை. 1876-78 தாதுவருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கப்பலை நோக்கி நடந்ததற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. அந்த 1876ஆம் வருஷத் தொடக்கத்தில்தான் தூத்துக்குடிக்கு ரயிலும் வந்தது.

போனவர்கள் இரண்டு விதமாகப் போனார்கள். இந்த வித்தியாசம்தான் பின்னால் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டன் கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானித்தது.

ஒரு விதம் ஒப்பந்தம். மொரீஷியஸ், நேட்டால், பிஜி. 1860 நவம்பர் 16ல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள். பிஜிக்கு 1879 முதல் 1916 வரை போனவர்கள் அறுபதாயிரத்துக்குச் சற்று மேல். தென்னிந்தியர் போகத் தொடங்கியது 1903ல்தான். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதம் உண்டு. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம். வலது கன்னத்தில் மச்சம், இடது முழங்காலில் தழும்பு. ஐந்து வருஷம் உழைப்பை விற்றுக் கொடுத்தவன் ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய அடையாளம் அது. இன்று ஒரு டர்பன்காரருக்குத் தன் கொள்ளுப்பாட்டியைப் பற்றித் தெரிந்திருக்கும் ஒரே உடல் செய்தி அந்தத் தழும்புதான்.

இந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே வருகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் எழுதியிருக்கும் 'டின்னவெல்லி' இன்றைய திருநெல்வேலி மாவட்டம் அல்ல. 1910ல் ராமநாதபுரம் ஜில்லா உண்டாகும்வரை ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் திருநெல்வேலிதான். 1986ல் தூத்துக்குடி பிரிந்தது. 2019ல் தென்காசி பிரிந்தது. ஆக, காகிதத்து ஜில்லா இன்று நான்கு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. கிராமத்தின் பெயர் அதைவிட மோசம். போகிறவன் சொன்னதை டிப்போ குமாஸ்தா தன் காதுக்குக் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதினான். புதூர், புதுக்குடி, புதுக்கோட்டை எல்லாம் தாலுகாவுக்குப் பல உண்டு. ஆங்கில எழுத்தைத் தமிழில் மாற்றிப் பார்க்காமல், வாயால் பலவிதமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். எழுதியவன் கேட்டுத்தான் எழுதினான்.

3

மற்ற விதம் கங்காணி. இலங்கைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பான்மையோர் இப்படிப் போனவர்கள். கண்டிச் சீமை கடலுக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரம். கப்பல் பட்டியல் இல்லை. ஐந்து வருஷ ஒப்பந்தம் இல்லை. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்தவரே அதிகம் என்றாலும் திருநெல்வேலிச் சீமையும் தன் பங்கைக் கொடுத்தது. 1820களில் கம்பளைப் பக்கம் காப்பி போடத் தொடங்கிய நாள் முதல், இந்திய சர்க்கார் 1939 ஆகஸ்டில் கூலிகள் போவதைத் தடை செய்தது வரை, நூறு வருஷத்துக்கு மேல் அந்தப் போக்குவரத்து நடந்தது.

முதலில் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். காலராவும் அம்மையும் பசியும் வழியெல்லாம் கொன்றன. 1840களில் மட்டும் எழுபதினாயிரம் பேர் இறந்திருக்கலாம் என்று கொழும்புப் பத்திரிகை ஒன்றே 1849ல் மதிப்பிட்டது. தொகை சரியா மிகையா என்று சரித்திரக்காரர்கள் வாதாடலாம். செத்தவர்களில் ஒருவர் பெயர்கூட எழுதப்படாததால்தான் வாதாட வேண்டியிருக்கிறது. பின்னால் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் வழி முக்கியமாயிற்று. தட்டப்பாறையில் நோய்த் தடுப்பு முகாம் வைத்து ஆட்களை அடைத்துப் பரிசோதித்து அனுப்பினார்கள். தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் 1914ல் தொடங்கிய பிறகு அந்த வேலை மண்டபம் முகாமுக்குப் போயிற்று.

கங்காணி தன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் தன் உறவிலும்தான் ஆள் பிடித்தான். முன்பணம் கொடுத்தான். பழைய கடனைத் தீர்க்க, வழிச் செலவுக்கு, கம்பளிக்கு. அது கூலியின் பெயரில் பற்றாக எழுதப்பட்டது. தோட்டம் மாறும்போது துரை ஒரு சீட்டுக் கொடுப்பார்: இந்தக் கங்காணியின் கும்பலில் இத்தனை பேர், இவர்கள் மேல் இவ்வளவு கடன், கொடுப்பவர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம். இதற்குத் 'துண்டு' என்று பெயர். கடன் மொத்தமாகக் கும்பல் மேல்; கும்பலோ ஒரே ஊர், ஒரே உறவு. 1921ல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழிக்கும்வரை ஒரு குடும்பத்தின் நகர்வை - எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு, எந்த வருஷம், எத்தனை உயிர் - சொல்லக்கூடிய ஒரே காகிதம் அவர்களை விற்று வாங்கிய சீட்டுதான். இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தை அல்ல, போன நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சொல்கிறேன்: 1901 வாக்கில் இன்னொன்று வந்தது. போகிறவன் கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை. எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று ரயிலிலும் முகாமிலும் தெரிய வேண்டும். வில்லைக்குப் பெயர் தேவைப்படவில்லை. பெயர் இருந்த இடத்திலும் பெயர் இல்லை. துரைமார்களின் பேச்சில் ஆணெல்லாம் ராமசாமி.

ஃபாக்னர் 1942ல் எழுதிய 'கோ டவுன், மோசஸ்' நூலில் ஒரு இடம் உண்டு. ஐசக் மக்காஸ்லின் என்ற பையன் பதினாறாம் வயதில் தன் குடும்பப் பண்ணையின் பழைய கணக்குப் புத்தகங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்கிறான். அடிமைகளின் கொள்முதல், விலை, பிறப்பு, இறப்பு. வறட்டு வரிகள். அந்த வரிகளுக்கிடையில் தன் பாட்டன் தனக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த மகளையே கூடி ஒரு பிள்ளை பெற்றான் என்பதைக் கண்டுபிடிக்கிறான். நான் பேரேடுகளோடு நாளைக் கழிக்கிறவன் என்பதாலோ என்னவோ, நவீன நாவலில் எனக்கு அதைவிடப் பெரிய காட்சி தெரியாது. வம்சக் கதையை மறைப்பதற்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை. பணத்தை மறக்காமலிருக்க எழுதுகிறார்கள். அதனால்தான் அதில் உண்மை தங்கிவிடுகிறது. நம் தோட்டங்களின் செக்ரோலிலும் கங்காணியின் பற்றுவரவிலும் இப்படி எத்தனை கதைகள் இருந்திருக்கும்! துரைமார்களுக்கு லயத்தில் பிறந்த பிள்ளைகள் உட்பட.

4

எழுதாமல் விட்டவர்களிடம் எழுத்தைக் கேட்பது ராஜாங்கத்தின் குணம். 1948ல் சுதந்திர இலங்கை பிரஜா உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. வம்சவழிப் பிரஜை யார்? இலங்கையில் பிறந்தவனாயின், அவன் தந்தை அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். கிராமத்துச் சிங்களவரிடம் இதை யாரும் நிரூபிக்கச் சொல்லவில்லை. லயத்துக்காரன்தான் நிரூபிக்க வேண்டும். காட்டுவழியில் பெயரில்லாமல் நடந்து வந்த பூட்டன் பிறந்த இடத்துக்கு அவன் சான்றிதழ் காட்ட வேண்டும். மேஃபிளவர் சங்கம் கேட்பதும் ஏறக்குறைய இதே அத்தாட்சிதான். அங்கே காட்டினால் ஒரு பதக்கம். இங்கே காட்டாவிட்டால் நாடு இல்லை.

1949ல் வந்த இன்னொரு சட்டம் வதிவிடத்தின் பேரில் விண்ணப்பிக்கச் சொன்னது. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. 1,34,000 பேருக்குச் சுமாராகக் கிடைத்தது. மிச்சம் இருந்தவர்களை 1964 அக்டோபர் 30ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் எண்ணிக்கையாகப் பங்கிட்டார்கள். மொத்தம் 9,75,000. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974ல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒப்பந்தமாகி இரண்டு மாதத்துக்குள் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோயிற்று. அதனால் திரும்பி வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். கப்பல் 1984ல் நின்றது. நாடற்றிருந்தவர்களின் பிரச்னையை இலங்கை தன் பக்கம் பெருமளவு தீர்த்தது 2003 சட்டத்தில். 1964 அக்டோபர் 30 முதல் அங்கேயே இருந்தவர்களும் அவர்களின் சந்ததியும் பிரஜைகள் என்று அது சொன்னது. அந்தச் சட்டம் பூட்டனைக் கேட்கவில்லை. கேட்காமலும் ஒரு தேசம் நடக்க முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

வந்தவர்களிடம் இந்தப் பக்கமும் கேட்டார்கள்: சொந்த ஊர் எது? எங்கள் கிளைக்கு வரும் ஒரு பெரியவர் சிறுவனாகப் பெற்றோரோடு அந்தக் கப்பலில் வந்தவர். குடும்ப அட்டையில் தகப்பனார் பெயர் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம். கணக்குப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "அங்க இந்தியாக்காரன்னாங்க சார். இங்க வந்தா சிலோன்காரன். எங்கப்பாவுக்குத் தெரிஞ்சதெல்லாம் அவரு தாத்தாவோட கங்காணி பேருதான். அதைப் போட எடமிருக்கா இதுல?" இடமில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் சரியான வழி என்று பிறகு தோன்றிற்று. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்கென்றே 1969ல் ரெப்கோ வங்கி ஏற்பட்டது. கடன் கொடுக்க வங்கி வந்தது. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கணக்கை யாரும் வைத்துக்கொள்ள நினைக்கவில்லை.

5

கங்காணி பெயரிலிருந்து தொடங்கலாம் என்றேன். கங்காணிக்கு நிலம் உண்டு. தோட்டத்தில் சேர்த்ததை ஊருக்கு அனுப்பி நஞ்சை வாங்கினான், வீடு கட்டினான், கோயிலுக்கு மண்டபம் போட்டான். ஆகவே பத்திரப் பதிவு ஆபீஸில் கங்காணி கிடைப்பான், கூலி கிடைக்கமாட்டான். கங்காணி கிடைத்தால் அவன் ஊர் கிடைக்கும். ஊர் கிடைத்தால் கும்பலின் ஊர் ஐந்து மைலுக்குள் இருக்கும். பிடித்தவனின் சொத்து வழியாகப் பிடிபட்டவனை அடைவது கசப்பான வழிதான். கறுப்பின அமெரிக்கனும் எஜமானின் உயில் வழியாகத்தான் போகிறான்.

இரண்டாவது வழி, சர்ச். திருநெல்வேலிக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. 1854ல் தோட்டக்காரர்களும் சர்ச் மிஷனும் சேர்ந்து இலங்கையில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது உபதேசிமார் இங்கிருந்துதான் போனார்கள். பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் வட்டாரச் சபைகளில் ஞானஸ்நானப் பதிவேடு வைக்கும் பழக்கம் ஊறிப்போயிருந்தது. பட்டாவில் வராத ஏழை ஞானஸ்நானத் தொட்டியருகில் தந்தை பெயர், தாய் பெயர், ஊர் எல்லாவற்றோடும் வருகிறான். சுடலைமுத்து அன்று தேவசகாயமாகிவிடுகிறான் என்பதுதான் சிக்கல். பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரே வரியில் எழுதிய குருமார் நமக்குச் செய்த உபகாரம் அவர்களுக்கே தெரிந்திராது. தாயின் பெயர் எழுதப்பட்டிருக்கும் மிகச் சில இடங்களில் ஒன்று அது என்பதையும் சொல்ல வேண்டும். சட்டமும் சரி, குலமும் சரி, ஆண் வழியாகவே போகின்றன. கொழுந்து கிள்ளித் தோட்டத்தைத் தாங்கிய பெண்ணின் பெயர் இரண்டு தலைமுறைக்கு மேல் எந்த வீட்டிலும் நிற்பதில்லை.

மூன்றாவது, சாமி. பங்குனி உத்திரத்தன்று தென் திருநெல்வேலிக் குடும்பங்கள் எந்த ஊரில் இருந்தாலும் தங்கள் சாஸ்தாவைத் தேடிப் போகின்றன. நகரத்தில் மூன்று தலைமுறை இருந்தவனும் அன்று பஸ் ஏறி ஏதோ ஒரு குளத்தங்கரைக்குப் போய்ப் பொங்கலிடுகிறான். அங்கே வந்து நிற்கிறவர்கள் பங்காளிகள். சாஸ்தா இருக்கும் இடம் கொடிவழியின் பழைய இடம்; நில உரிமை இல்லாதவனுக்கும் சாஸ்தா உண்டு. எந்தச் சாஸ்தா என்று மறந்துபோனவர்கள் பாபநாசம் மலைமேல் சொரிமுத்து அய்யனாரிடம் போகலாம் என்பது வழக்கு. மறதிக்கும் ஒரு முகவரி வைத்த வழக்கம் அது. தோட்டத்துக்குப் போனவர்கள் பிடிமண் கொண்டுபோய்த் தங்கள் சாமியை மலையில் வைத்தார்கள். இரண்டு தலைமுறை கழித்து ஊர்ப் பெயர் மறந்திருக்கலாம். சாமி பெயர் மறப்பதில்லை. மலைநாட்டில் ஒரு லயத்துக் கோயிலின் சாமி பெயரையும் படையலையும் கேட்டறிந்து, அதை இங்கே ஆற்றங்கரைக் கோயில்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எந்தக் கப்பல் பட்டியலுக்கும் குறைந்த ஆதாரமல்ல.

நான்காவது, பெயரிடும் வழக்கம். பேரன் என்றால் பெயரன். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். ஒரு குடும்பத்தில் மாடசாமியும் பரமசிவமும் ஒன்று விட்டு ஒன்று வருமானால், தெரிந்த பேரனின் பெயரைக் கொண்டே தெரியாத பாட்டனின் பெயரை ஊகிக்கலாம். பாட்டி பெயருக்கும் இது ஓரளவு பொருந்தும். எழுத்தில்லாதவர்கள் தங்கள் வம்சத்தைப் பிள்ளைகளின் மேலேயே எழுதிவைத்தார்கள்.

கடைசியாக, பாட்டும் கதையும். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தபோது ஊர்ப் பெயர்களையும் கங்காணிகளின் பெயர்களையும் சேர்த்தே காப்பாற்றினார். நம் பக்கத்தில் புதுமைப்பித்தன் 1935ல் மணிக்கொடியில் எழுதிய 'துன்பக்கேணி' இருக்கிறது. விமர்சகர்கள் அதன் யதார்த்தத்தையும் வடிவக் குறைகளையும் பேசியிருக்கிறார்கள். எனக்கு வேறொன்று படுகிறது. வாசவன்பட்டிச் சேரியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதி என்ற பெண்ணை, பெயரும் ஊரும் கணவனும் மகளுமாக, இந்த ஜில்லாவில் எழுத்தில் பதிவு செய்தவர் அவர். அவள் கற்பனை. ஆனால் பதிவேட்டில் அவளுக்கு இருந்திருக்க வேண்டிய பக்கத்தை அந்தக் கதை நிரப்பியிருக்கிறது.

6

தேடுகிறவனுக்கு ஊர் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஊர் என்றா சொன்னேன்? ஊர் அல்ல, சேரி. கடல் கடந்து போனவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களில் பலருக்கு ஊரை விட்டுப் போனதே ஊர் வைத்த பெயரை விட்டுப் போவதற்காகவும்தான். போன இடத்தில் சிலர் வேறு பட்டங்களை வைத்துக்கொண்டார்கள்; நேட்டாலில் பிள்ளை என்றும் நாயுடு என்றும் வழங்கும் எல்லாக் குடும்பங்களின் காகிதத்திலும் சாதிக் கட்டம் அதையே சொல்வதில்லை. நூற்றைம்பது வருஷம் கழித்துப் பேரன் அந்தக் கட்டத்தைப் படிக்கும்போது என்ன செய்கிறான் என்பதில்தான் இந்தத் தேடலின் தார்மீகம் இருக்கிறது. காகிதம் தவறு என்று மடித்து வைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஜமீன் வம்சாவளி எழுதிய புலவனும் அதைத்தான் செய்தான். வேண்டாததை மடித்துவிட்டுச் சூரியனிலிருந்து தொடங்கினான். பாட்டன் வேண்டும், பாட்டன் பட்டது வேண்டாம் என்றால் கிடைப்பது பாட்டன் இல்லை.

இன்னொரு பக்கம், தேடி வருகிறவனை ஊர் எப்படி வரவேற்கிறது? விருந்தாளிக்கு மாலை போட்டுக் கோயிலுக்கு நன்கொடை கேட்கும் ஊர், அவன் பாட்டன் எந்தத் தெருவிலிருந்து போனான் என்பதைத் தெரிந்துகொண்டதும் மாலையின் கனத்தைக் குறைத்துக்கொள்ளும். ஊரை விட்டு அவர்களைத் துரத்தியது பஞ்சம் என்று நாம் எழுதுகிறோம். பஞ்சம் எல்லோருக்கும்தான் வந்தது. நடந்து போனவர்கள் யார் என்பதை நிலம் தீர்மானித்தது.

இவையெல்லாம் முடிந்துபோன கதை அல்ல. இதே நதியின் தலைமாட்டில், சிங்கம்பட்டி ஜமீன் 1929ல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்ட 8,374 ஏக்கரில், மாஞ்சோலைத் தோட்டங்கள் உண்டாயின. கடல் கடக்காமலேயே கங்காணி வழியாக மலையேறியவர்களின் சந்ததி நான்கு தலைமுறை அங்கே இருந்தது. கூலிக்காகவும் கைதானவர்களை விடுவிக்கவும் கேட்டு 1999 ஜூலை 23ல் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது, போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் ஓடி இறந்தவர்கள் 17 பேர். குழந்தையும் பெண்களும் உட்பட. 2024ல் கம்பெனி குத்தகை முடியுமுன்பே விலக முடிவுசெய்து விருப்ப ஓய்வுப் படிவங்களை நீட்டிற்று. வேலை போனால் வீடு போகும்; அந்த வீட்டில் பிறந்தவனுக்குச் சமவெளியில் ஊர் இல்லை. அவன் பிள்ளைகளிடமும் ஒரு நாள் யாராவது ஒரு படிவத்தை நீட்டிச் சொந்த ஊர் எது என்று கேட்பார்கள்.

2023ல் மலையக மக்கள் தங்கள் இருநூறு வருஷத்தை நினைவுகொள்ளத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். ஜூலை 28ல் தொடங்கி ஆகஸ்ட் 12ல் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கல்லறை இல்லாததால் வழியையே கல்லறையாகக் கொண்ட அந்த நடையை நான் மதிக்கிறேன். நாம் இங்கிருந்து செய்யக்கூடியது அதைவிடச் சிறிய வேலை. தோட்டத்துச் செக்ரோல், சம்பளப் பேரேடு, ஆஸ்பத்திரிப் புத்தகம், பள்ளிக்கூட அட்மிஷன் பதிவேடு, சர்ச் பதிவேடு - மாஞ்சோலையிலிருந்து இறங்கும் காகிதம் அத்தனையும் பழைய பேப்பர்க்காரனிடம் போய்ச் சேருமுன் ஓர் ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர வேண்டும். கம்பெனி அவற்றைக் கணக்குக்காக எழுதியது. அந்தக் குடும்பங்களுக்கு வேறு புராணம் கிடையாது. இறங்கி வருகிற கிழவர்களையும் கிழவிகளையும் உட்காரவைத்து, தாத்தாவின் கங்காணி யார், எந்தச் சாமிக்குப் படைத்தீர்கள், பாட்டி பெயர் என்ன என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளவும் வேண்டும். இதற்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஞாயிற்றுக்கிழமையும் உள்ள யாரும் செய்யலாம். பாட்டி பெயரை முதலில் கேட்பது நல்லது. அதைத்தான் இதுவரை யாரும் கேட்கவில்லை.